முகம் காட்டாமல் ஸ்ட்ரீம் ஆரம்பிக்க எந்த மென்பொருள்? 2டியா, 3டியா, வெறும் படமா?

அரைத்தூக்கம்:

வணக்கம் நண்பர்களே. இரவில் செஸ் ஆடிக்கொண்டே பேசுவது, நடுவில் ஒரு சிறுகதை வாசிப்பது என்று ஸ்ட்ரீம் தொடங்க ஆசை. முகத்தை மட்டும் காட்ட மனமில்லை. பாதி வெட்கம், பாதி வேலையிடத்தில் யாருக்கும் தெரிய வேண்டாமே என்கிற எண்ணம். அதனால் விட்யூபர் பாணியில், அதாவது முகத்துக்குப் பதிலாக அசையும் ஓர் உருவத்தைக் காட்டி, ஓர் அவதாரம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு.

மென்பொருளில்தான் மாட்டிக்கொண்டேன். விட்யூப் ஸ்டுடியோ, விசீஃபேஸ், வாருடோ, விராய்ட், லைவ்2டி க்யூபிசம், வியாடோட்யூப், ஃபேஸ்ரிக் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். ஒவ்வொரு பட்டியலிலும் வேறொன்று முதலிடத்தில் இருக்கிறது. எதை நிறுவுவது?

கையில் இருப்பது: விண்டோஸ் மடிக்கணினி, 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. கணினியோடு வந்த வெப்கேம். ஆண்ட்ராய்டு போன். ஒரு யுஎஸ்பி மைக். ஓரளவு வரைவேன், டிஜிட்டலாகவும்.

மூன்றாந்திரை:

நீங்கள் பூட்டை முடிவு செய்யாமல் சாவி வாங்கக் கிளம்பியிருக்கிறீர்கள். முதலில் முடிவாக வேண்டியது மென்பொருள் இல்லை, உங்கள் உருவம் எந்த வகைக் கோப்பாக இருக்கப்போகிறது என்பது. அது தெரிந்துவிட்டால் பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

நீங்கள் சொன்ன ஏழும் ஒரே வேலையைச் செய்பவையும் இல்லை. விராய்டும் க்யூபிசமும் உருவத்தை உண்டாக்குபவை. விட்யூப் ஸ்டுடியோ, விசீஃபேஸ், வாருடோ மூன்றும் ஏற்கனவே செய்துவைத்த உருவத்தை உங்கள் முகத்தோடு சேர்த்து அசைப்பவை. இதில் விட்யூப் ஸ்டுடியோ லைவ்2டி உருவத்துக்கு, மற்ற இரண்டும் 3டிக்கு. லைவ்2டி கோப்பு 3டி மென்பொருளில் திறக்காது, 3டி கோப்பு லைவ்2டி பக்கம் திறக்காது. வியாடோட்யூப் முகத்தைப் பார்க்கவே பார்க்காது, மைக்கில் சத்தம் வந்தால் படத்தை மாற்றும், அவ்வளவுதான்.

ஃபேஸ்ரிக்கை அடித்துவிடுங்கள். 2014இல் கூட்டுநிதி திரட்டி வந்த மென்பொருள் அது. இந்தத் துறை வளர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைச் செய்தவர்களே பிறகு அனிமேஸ் என்ற வேறொன்றுக்கு நகர்ந்துவிட்டார்கள். யாராவது இன்றைக்கும் ஃபேஸ்ரிக்கைப் பரிந்துரைத்தால் அந்தக் கட்டுரை பல வருடம் பழையது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பட்டியலில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் எந்த வழியில் போனாலும் கட்டாயம் வேண்டும்: ஓபிஎஸ். உருவம், செஸ் பலகை, குரல் மூன்றையும் சேர்த்து ஒளிபரப்புவது அதுதான். இலவசம், திறந்த மூலம். அதை இன்றே நிறுவிப் பழக ஆரம்பியுங்கள்.

கீச்சான்:

செஸ் பார்க்க வருகிறவன் பலகையைப் பார்ப்பான். வியாடோட்யூப் மினி, நான்கு படம், முடிந்தது. இந்த வார இறுதியிலேயே ஸ்ட்ரீம் போகலாம்.

வரைபலகை:

கீச்சான் சொல்வது செஸ்ஸுக்குச் சரி. கதை வாசிப்புக்கு? அங்கே திரையில் வேறு எதுவும் இல்லை, அந்த உருவம் மட்டும்தான். ஒரு மணி நேரம் இரண்டு படங்கள் மாறி மாறித் துள்ளுவதைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வரும். தலை சாய்வது, கண் ஓரமாகப் போவது, கதையில் ஓர் இடம் வரும்போது புருவம் மெல்ல ஏறுவது, வாசிப்புக்கு உயிர் அதில்தான் இருக்கிறது.

அரைத்தூக்கம், நீங்கள் வரைவீர்கள் என்பதால் லைவ்2டி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் ரிக்கிங் (வரைந்த உருவத்தை அசையும்படி இணைக்கும் வேலை) செய்கிறவள், அதனால் ஒருபக்கச் சாய்வு இருக்கத்தான் செய்யும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

லைவ்2டியில் 3டி எதுவும் இல்லை. தட்டையான ஒரே ஓவியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் வலைபோல முக்கோணங்களாக்கி, அதை இழுத்து வளைத்து அசைவை உண்டாக்குகிறோம். அதனால் சாதாரணமாக வரைவதுபோல் வரைந்தால் போதாது. தலை திரும்பினால் முடிக்குப் பின்னாலிருக்கும் காது தெரியும், அந்தக் காதை முழுசாக வரைந்திருக்க வேண்டும். கண் மூடினால் விழிக்கு அடியில் இருக்கும் தோல் தெரியும், அதுவும் வேண்டும். முன்முடி, பக்கமுடி, பின்முடி எல்லாம் தனித்தனி லேயர். ஓவியத்தை லேயர் பிரித்த பிஎஸ்டி கோப்பாகக் க்யூபிசத்துக்குள் கொண்டுவந்து அங்கே அளவுருக்களோடு இணைப்போம்: தலை இடம் வலம், மேல் கீழ், சாய்வு, கண் திறப்பு, வாய் திறப்பு, வாயின் வடிவம், மூச்சு. வெப்கேம் அனுப்பும் எண் அந்த அளவுருவை நகர்த்துகிறது, உருவம் அசைகிறது.

க்யூபிசத்தின் இலவசப் பதிப்பில் 100 ஆர்ட்மெஷ் (வலையாக்கிய துண்டு), 30 அளவுரு என்ற வரம்பு உண்டு. முதல் உருவத்துக்கு அது தாராளம், அடக்கமாக வரைந்தால். முழுப் பதிப்பை 42 நாள் இலவசமாகச் சோதிக்கவும் விடுகிறார்கள். பலர் ஆர்வத்தில் முதல் நாளே அந்தச் சோதனையைத் தொடங்கிவிட்டு, அதற்குப் பிறகு ஓவியம் வரைய உட்காருவார்கள். நாள் பாட்டுக்கு ஓடிவிடும். பிஎஸ்டி முழுதாகத் தயாரான பிறகு தொடங்குங்கள்.

வேறொருவரிடம் காசு கொடுத்துச் செய்யச் சொன்னால் ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: மூலக் கோப்பு உங்களுக்கு வருமா, வராதா. ஓட்டுவதற்குத் தேவையானது எம்ஓசி3 கோப்பு. பிறகு எதையாவது திருத்த வேண்டுமானால் சிஎம்ஓ3 வேண்டும். என்னிடம் வந்த ஒருவருக்கு முதலில் செய்துகொடுத்தவர் எம்ஓசி3 மட்டும் தந்துவிட்டு அப்புறம் பதிலே சொல்லவில்லை. ஒரு மூக்குத்தி சேர்க்க முழு ரிக்கையும் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

கீச்சான்:

“அடக்கமாக வரைந்தால்” என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டீர்கள். அந்த வார்த்தைக்குள் மாதக்கணக்கில் வேலை இருக்கிறது. ஆள் ஸ்ட்ரீம் பண்ண வந்தாரா, அனிமேஷன் படிக்க வந்தாரா?

வரைபலகை:

இரண்டும் வேண்டுமென்றால் உங்களுக்கு என்ன வலிக்கிறது :) அவர் வரைவேன் என்று சொல்லியிருக்கிறார். வரையாதவராக இருந்தால் நானே உங்கள் பக்கம்தான்.

அரைத்தூக்கம்:

இரண்டு பேருக்கும் நன்றி, சண்டை வேண்டாம். இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, வரைய வரும், ரிக்கிங் வரும் என்று தோன்றவில்லை. 3டி இதைவிட எளிதா? விராய்டில் பொம்மை உடுத்துவதுபோல் செய்துவிடலாம் என்கிறார்கள். இரண்டு, வெப்கேமைவிட போன் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆண்ட்ராய்டு போதுமா, இல்லை ஐபோன்தான் வேண்டுமா?

மூன்றாந்திரை:

3டி தொடங்குவதற்கு எளிது, உண்மை. விராய்ட் ஸ்டுடியோ பிக்சிவ் நிறுவனத்தினுடையது, இலவசம். கண், மூக்கு, முடி, உடை எல்லாவற்றையும் ஸ்லைடரை நகர்த்தியே செய்துவிடலாம். முடியை மட்டும் கொஞ்சம் கையால் வரைந்து பழக வேண்டும். ஒரே உட்காரலில் ஓர் உருவம் வந்துவிடும். ஆனால் ஸ்லைடரை மட்டும் நகர்த்திச் செய்தால் விராய்டில் செய்தது என்று பார்த்தவுடனே தெரியும், அதே முகவெட்டு, அதே கண். உங்களுக்கு வரைய வருவதால் அந்த உடை, கண்களின் மேல்படத்தை எடுத்து வெளியே வரைந்து திரும்ப உள்ளே போடலாம். அதைச் செய்தாலே உருவம் உங்களுடையதாகிவிடும்.

விராய்டிலிருந்து விஆர்எம் என்ற 3டி அவதாரக் கோப்பாக வெளியே எடுப்பீர்கள். அங்கே 0.0, 1.0 என்று இரண்டு பதிப்பு கேட்கும். விசீஃபேஸில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் 0.0 தேர்ந்தெடுங்கள், அது 1.0 கோப்பைத் திறக்காது. நிறையப் பேர் இதில் சிக்கி, உருவம் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கோப்பையே அழித்துவிடுகிறார்கள். இன்னொன்று, வெளியே எடுக்கும்போதே முக்கோண எண்ணிக்கையைக் குறைக்கவும், மெட்டீரியல்களை ஒன்றாகச் சேர்க்கவும் வசதி இருக்கிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் கணினிக்கு அதைச் செய்தே ஆக வேண்டும்.

ஓட்டுவதற்கு விசீஃபேஸ் இலவசம், இலகுவானது, விண்டோஸுக்கு மட்டும். வாருடோவும் இலவசமாகக் கிடைக்கிறது, செய்யக்கூடியது அதில் மிக அதிகம். பார்வையாளர் ஏதாவது செய்தால் தலையில் பொருள் விழுவது, கேமரா கோணம் தானாக மாறுவது என்று கட்டங்களை இணைத்து இணைத்து எதையும் உண்டாக்கலாம். அழகுதான், ஆனால் உங்கள் கணினிக்குப் பாரம் அதிகம். இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

உங்கள் செஸ்ஸுக்கு யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். விமேஜிக்மிரர் என்று ஒன்று இருக்கிறது. கேமராவே இல்லாமலும் ஓடும். நீங்கள் சுட்டியை நகர்த்தினால் உருவத்தின் கையும் சுட்டியை நகர்த்தும், தட்டச்சு செய்தால் அதுவும் தட்டும். செஸ் ஆடும்போது நாம் செய்வது அது மட்டும்தானே. யோசிக்கும்போது கை அப்படியே நிற்பதும், முடிவெடுத்ததும் சட்டென்று போவதும் பார்க்க நன்றாக இருக்கும்.

கண்ணாடிக்காரி:

போன் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

ஐபோன் நல்லது என்பதற்குக் காரணம் பிராண்ட் பெருமை இல்லை. 2017இல் வந்த ஐபோன் 10இலிருந்து முகத்தால் திறக்கும் மாடல்களில் ஆழத்தை அளக்கும் கேமரா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தின்மேல் தூவி, அது எங்கே மேடு எங்கே பள்ளம் என்று படிக்கிறது. அதை வைத்து ஆப்பிளின் ஏஆர்கிட் முக அசைவை 52 தனித்தனி எண்களாகத் தருகிறது: இடது புருவத்தின் வெளிமுனை, கன்ன உப்பல், நாக்கு நீட்டுவது என்று. அகச்சிவப்பு என்பதால் அறை விளக்கு மங்கலாக இருந்தாலும் அவ்வளவாகத் தடுமாறாது.

ஆண்ட்ராய்டில் சாதாரணக் கேமராவின் படத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். வெப்கேமும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே உங்களிடம் ஆண்ட்ராய்டு மட்டும் இருந்தால் அதை வயரில் மாட்டி, சூடாக்கி, பேட்டரியைக் கெடுத்துக்கொள்வதில் பெரிய லாபமில்லை. விட்யூப் ஸ்டுடியோவிலேயே வெப்கேமுக்கு ஓப்பன்சீஃபேஸ், மீடியாபைப் என்று இரண்டு வகை ட்ராக்கிங் (முக அசைவைப் பின்தொடர்வது) இருக்கிறது. இரண்டையும் போட்டுப் பாருங்கள், எது உங்கள் முகத்தோடு ஒத்துப்போகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக மட்டும் புதுப் போன் வாங்காதீர்கள்.

52 எண்ணும் வந்துவிட்டால் உருவம் தானாக எல்லாம் செய்யும் என்றும் இல்லை. உருவத்திலும் அதற்கான அசைவுகள் செய்யப்பட்டிருக்க வேண்டும். கன்ன உப்பலே வரையாத மாடலுக்கு நீங்கள் எவ்வளவு ஊதினாலும் ஒன்றும் நடக்காது.

பெயரிலேயே தெரியும், நான் கண்ணாடி போடுகிறவள். தடித்த கருப்பு ஃபிரேம் இமைக்கு மேலே வந்தால் ட்ராக்கர் அதையே இமை என்று நினைத்துக்கொள்கிறது. உருவம் பாதிக் கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். திரை வெளிச்சம் கண்ணாடியில் பட்டால் இன்னும் மோசம். கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் பெருமளவு சரியாகும். அப்படியும் ஆகவில்லை என்றால் கண் சிமிட்டலைத் தானியங்கியாக விட்டுவிடுங்கள், பெரும்பாலான மென்பொருள்களில் அந்த வசதி இருக்கும்.

பெங்குயின் பிரியன்:

எல்லோரும் விண்டோஸ் என்றே பேசுகிறீர்களே, லினக்ஸ்காரன் ஒருவனும் இங்கே இருக்கிறேன் :) கேட்டவருக்குத் தேவையில்லை, ஆனால் பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

2டிக்கு இனோச்சி2டி பாருங்கள். முழுக்கத் திறந்த மூலம். இனோச்சி கிரியேட்டரில் ரிக் செய்து இனோச்சி செஷனில் ஓட்டலாம். லைவ்2டி அளவுக்கு வளரவில்லை, பாடங்களும் குறைவு. ஆனால் நாளைக்கு யாரோ உரிம விதியை மாற்றினார்கள் என்று உங்கள் உருவம் முடங்காது. ஓப்பன்சீஃபேஸ் தனி நிரல், லினக்ஸிலும் ஓடும். விசீஃபேஸை வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் நிரல்) வழியாக ஓட்டிக்கொண்டு, முகம் பார்க்கும் வேலையை வெளியே ஓப்பன்சீஃபேஸிடம் விட்டுவிடலாம்.

இன்னொன்று, எல்லா இயங்குதளத்துக்கும் பொது. 3டி பக்கம் விஎம்சி என்று ஒரு நெறிமுறை உண்டு. ஒரு மென்பொருள் பிடித்த அசைவை இன்னொன்றுக்கு அனுப்புவதற்கு. முகத்தை ஒன்றில் பிடித்து, கையை இன்னொன்றில் பிடித்து, மூன்றாவதில் உருவத்தைக் காட்டலாம். எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் விஎம்சி தெரிந்ததாக இருந்தால், பின்னால் வேறொன்றுக்கு மாறுவது சிரமமில்லை.

அரைத்தூக்கம்:

நீங்கள் சொன்னவற்றை நிறுவிப் பார்த்தேன். விட்யூப் ஸ்டுடியோவோடு வரும் மாதிரி உருவத்தை வைத்து முதல் சோதனை. பகலில் அருமையாக ஓடியது, கண்ணாடி முன் நிற்பதுபோல் இருந்தது. இரவில் அதே இடம், அதே நாற்காலி, உருவம் விட்டு விட்டு அசைகிறது. வாய் பாதி திறந்தே நிற்கிறது. கணினி தாங்கவில்லையா? டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் சிபியு பாதிகூட ஏறவில்லை.

கண்ணாடிக்காரி:

கணினியில் கோளாறு இல்லை, வெளிச்சம்தான். இருட்டில் வெப்கேம் தானாகவே ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் ஒளியை வாங்கும். படம் வெளிச்சமாக வரும், ஆனால் நொடிக்கு 30 ஃபிரேம் வந்துகொண்டிருந்தது 15ஆகிவிடும், அதற்குக் கீழேயும் போகும். வருகிற ஃபிரேமும் மங்கலாக இழுபட்டிருக்கும். அதில் உதடு எங்கே என்று ட்ராக்கருக்கு எப்படித் தெரியும்?

கேமரா அமைப்பில் தானியங்கி எக்ஸ்போஷரை அணையுங்கள். “குறைந்த ஒளி ஈடு” என்கிற மாதிரி ஒரு தேர்வும் இருக்கும், அதையும் அணையுங்கள். படம் இருண்டு போகும். அப்புறம் ஒரு மேசை விளக்கை நேராக முகத்தில் அடிக்காமல் எதிர்ச் சுவரில் அடித்து, அங்கிருந்து முகத்துக்கு வரவிடுங்கள். அழகு தேவையில்லை, உங்கள் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம் இருந்தால் போதும்.

வாய் மூடாததற்கு, இரவு விளக்கைப் போட்ட பிறகு அளவீட்டை மறுபடியும் செய்யுங்கள். முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு, வாயை மூடி, நேராகப் பார்த்து. பகலில் எடுத்த அளவீடு இரவுக்கு ஆகாது.

ஒலிவாங்கி:

முழு இழையையும் படித்துவிட்டேன், ஒருவர்கூட மைக்கைப் பற்றிப் பேசவில்லை. கதை வாசிக்கப் போகிறவருக்கு!

உருவம் கொஞ்சம் தடுமாறினால் யாரும் ஓடிவிட மாட்டார்கள். குரலோடு மின்விசிறி இரைச்சல் கலந்து வந்தால் ஐந்தாவது நிமிடம் மூடிவிடுவார்கள். ஓபிஎஸ்ஸிலேயே மைக்குக்கு வடிகட்டிகள் உண்டு. இரைச்சல் குறைப்பு முதலில், அப்புறம் கம்ப்ரசர் (சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), கடைசியில் லிமிட்டர் (சத்தம் எல்லை மீறாமல் தடுப்பது). கேட் (ஓர் அளவுக்குக் கீழே வரும் ஒலியை அடைக்கும் வடிகட்டி) போடும்போது கவனம்: கதையில் தணிந்த குரலில் பேசும் வரிகளை அது வெட்டிவிடும். வாசிப்புக்குக் கேட் வேண்டாம் என்பது என் கட்சி. வியாடோட்யூப் பயன்படுத்தினால் அதன் ஒலி வரம்பை நீங்கள் மெதுவாகப் பேசும் குரலுக்கு வைத்துப் பாருங்கள். சத்தமாகப் பேசிச் சரிசெய்துவிட்டு, பிறகு உருக்கமாக வாசித்தால் உருவம் வாயே திறக்காது.

அடுத்து உதட்டசைவு. கேமரா வழியாக வரும் வாயசைவு குரலைவிடக் கொஞ்சம் தாமதமாக வரும். கேமரா படம் எடுக்க, ட்ராக்கர் கணக்குப் போட, உருவத்தை வரைய என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நேரம் போகிறது. ஓபிஎஸ்ஸில் மேம்பட்ட ஒலி அமைப்பில் மைக்குக்குத் தாமதம் கொடுக்கும் இடம் இருக்கிறது, மில்லிநொடியில். 100இல் ஆரம்பித்து, கை தட்டும்போது கூடவே வாயையும் திறந்து பதிவுசெய்து, பொருந்தும் வரை ஏற்றிக்கொண்டே போங்கள்.

கேமராவை நம்ப முடியவில்லை என்றால் வாயை மட்டும் குரலுக்குக் கொடுத்துவிடலாம். விட்யூப் ஸ்டுடியோ ஒலியைக் கேட்டு அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து உயிரொலிகளைப் பிரித்து வாய் வடிவத்தை அமைக்கும். விஆர்எம் உருவங்களிலும் அதே ஐந்து வாய்கள்தான். ஜப்பானிய மொழிக்காக வைத்தது, நம் குறில்களுக்கு அப்படியே உட்காருகிறது. வாசிப்புக்கு இது கேமராவைவிட நன்றாகவே இருக்கும். கன்னத்தில் கை வைத்து வாசித்தாலும் வாய் பிழைக்காது.

தயங்கி வந்தவன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஓபிஎஸ்ஸில் விட்யூப் ஸ்டுடியோவைச் சேர்த்தால் எனக்குக் கருப்புத் திரைதான் வருகிறது. என் மடிக்கணினியில் இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கிறது.

மூன்றாந்திரை:

அதுதான் காரணம். ஓபிஎஸ் ஒன்றிலும் விட்யூப் ஸ்டுடியோ இன்னொன்றிலும் ஓடுகிறது. விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்பில் போய் இரண்டையும் ஒரே கார்டுக்கு மாற்றி, இரண்டையும் மூடித் திறங்கள். கேம் கேப்சர் வழியாகச் சேர்த்து, “ஒளிபுகும் தன்மையை அனுமதி” என்பதை டிக் செய்து, விட்யூப் ஸ்டுடியோவில் பின்னணியைக் காலியாக வையுங்கள். பச்சைத் திரை வைத்து வெட்டும் பழைய முறை வேண்டாம், முடியின் ஓரமெல்லாம் பச்சை ஒட்டிக்கொள்ளும்.

தயங்கி வந்தவன்:

வந்துவிட்டது! நன்றி சகோ.

முகமூடி:

அரைத்தூக்கம் முதல் பதிவிலேயே சொன்னதை எல்லோரும் மறந்துவிட்டோம். வேலையிடத்தில் தெரியக் கூடாது. மென்பொருள் தேர்வில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

முக ஃபில்டர் வேறு, அவதார மென்பொருள் வேறு. ஃபில்டர் உங்கள் கேமராப் படத்தின் மேல் ஒன்றை ஒட்டுகிறது. ட்ராக்கிங் ஒரு கணம் விட்டுப்போனால் அடியிலிருக்கும் நிஜ முகம் வெளியே வரும். அவதார மென்பொருள் கேமராப் படத்தைக் காட்டுவதே இல்லை, அதிலிருந்து எண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ட்ராக்கிங் போனால் உருவம் உறைந்து நிற்கும், அவ்வளவுதான். ஆகவே முகம் மறைப்பது முக்கியம் என்றால் ஃபில்டர் பக்கமே போகாதீர்கள், எவ்வளவு எளிதாக இருந்தாலும்.

முகம் வெளியே போவது பெரும்பாலும் அவதார மென்பொருளால் இல்லை, ஓபிஎஸ்ஸால்தான். சோதனைக்காக வெப்கேமை ஒரு காட்சியில் சேர்த்திருப்போம், அதை நீக்க மறந்திருப்போம். ஸ்ட்ரீமுக்கென்று தனிக் காட்சித் தொகுப்பு வையுங்கள், அதில் வெப்கேம் என்ற மூலமே இருக்கக் கூடாது. முழுத் திரையைப் பிடிக்காமல் செஸ் ஜன்னலை மட்டும் பிடியுங்கள். விண்டோஸ் கணக்கின் பெயர் உங்கள் சொந்தப் பெயராக இருந்தால் கோப்பு திறக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் அது தெரியும். விட்யூப் ஸ்டுடியோவை ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடை வழியாக நிறுவியிருந்தால் அந்தக் கணக்கின் பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள், நண்பர் பட்டியலில் இருக்கும் சகஊழியருக்கு நீங்கள் இரவு பதினொரு மணிக்கு விட்யூப் ஸ்டுடியோ திறந்தது தெரியும்.

செஸ் தளத்துக்கும் புதுக் கணக்கு. பழைய கணக்கின் ஆட்ட வரலாற்றை வைத்தே உங்களைக் கண்டுபிடிக்க முடியும்.

குரலை என்ன செய்வதென்று கேட்காதீர்கள். நேரடி வாசிப்பில் குரல் மாற்றியைப் போட்டால் கதை செத்துவிடும். தெரிந்தவர் கேட்டால் கண்டுபிடிப்பார், அதற்குத் தயாராக இருந்தால் தொடங்குங்கள்.

அரைத்தூக்கம்:

ஸ்டீம் விஷயம் தூக்கிவாரிப் போட்டது, உடனே மாற்றிவிட்டேன். குரலைப் பற்றி யோசித்தேன். வேலையிடத்தில் நான் பேசுவதே அபூர்வம், பரவாயில்லை.

விளக்கைச் சுவரில் அடித்ததும் இரவிலும் ட்ராக்கிங் சரியாகிவிட்டது, கண்ணாடிக்காரிக்கு நன்றி. விராய்டில் ஓர் உருவமும் செய்து பார்த்தேன், மூன்றாந்திரை சொன்னதுபோல் குறைத்து 0.0ஆக எடுத்து விசீஃபேஸில் போட்டேன். ஓடியது. ஆனால் ஓபிஎஸ், உலாவி, செஸ் மூன்றும் சேர்ந்ததும் மின்விசிறி அலற ஆரம்பித்தது. யுஎஸ்பி மைக் அதையும் சேர்த்தே பதிவு செய்கிறது.

ஒலிவாங்கி:

விசீஃபேஸில் ஃபிரேம் வேகத்தை 30க்குக் குறையுங்கள், 60 தேவையில்லை. ஓபிஎஸ்ஸில் வெளியீட்டுத் தெளிவை 720பி அளவுக்கு இறக்குங்கள். செஸ் பலகைக்கு அது போதும். என்கோடரை (படத்தை ஒளிபரப்புக்குச் சுருக்கும் பகுதி) ப்ராசசரோடு வரும் கிராஃபிக்ஸுக்கு மாற்றினால் சிபியுவின் பாரம் இன்னும் இறங்கும். மைக்கை மடிக்கணினியிலிருந்து தள்ளி, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். மேசையில் வைத்தால் சுட்டி சத்தமும் வரும்.

கீச்சான்:

இப்போதாவது சொல்லுங்கள், நான்கு படம் வைத்த வியாடோட்யூபுக்கு மின்விசிறி சுற்றுமா?

வரைபலகை:

சுற்றாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கோடு நிறுத்தாதீர்கள். வியாடோட்யூபில் ஒவ்வொரு மனநிலைக்கும் தனித் தொகுப்பு வைத்து விசையில் மாற்றலாம். யோசிக்கும் முகம், ராணியைப் பறிகொடுத்த முகம், வாசிக்கும்போது கண்ணைத் தாழ்த்திய முகம். வரைய வருகிற ஆளுக்கு அது ஒரு மாலை வேலை. அதே முகத்தை லேயராக வரைந்து வைத்துக்கொண்டால் பின்னால் லைவ்2டிக்கும் பயன்படும்.

அரைத்தூக்கம்:

சரி, அப்படியே செய்கிறேன். செஸ் ஸ்ட்ரீம் வியாடோட்யூபில், நீங்கள் சொன்ன மூன்று முகங்களோடு. விராய்ட் உருவத்தை அப்படியே வைக்கிறேன், மேசைக் கணினி ஒன்று அமையும்போது விமேஜிக்மிரரில் போட்டுப் பார்ப்பேன், அந்தச் சுட்டி அசைவு மனதில் நிற்கிறது. வாசிப்புக்கு மட்டும் லைவ்2டி, மெதுவாக. க்யூபிசத்தின் சோதனைப் பதிப்பைத் தொடவில்லை, முதலில் பிஎஸ்டி.

வரைபலகை, ஒரே ஒரு கேள்வி. வாயை எத்தனை லேயராகப் பிரிக்க வேண்டும்? ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

வரைபலகை:

குறைந்தது ஐந்து. மேலுதடு, கீழுதடு, வாய்க்குள் இருட்டு, பல், நாக்கு. மேலுதட்டுக் கோட்டுக்குக் கீழே தோல் நிறத்தில் ஒரு பட்டையைச் சேர்த்து வரையுங்கள், வாய் மூடும்போது உள்ளே இருக்கும் இருட்டை மறைப்பது அதுதான். வாயைத் திறந்த நிலையிலேயே வரையுங்கள், மூடுவது ரிக்கின் வேலை. வரைந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.